34 வருடம் பேட்டரி ரூமில் இருந்தவன் வாங்கிய சார்ஜர்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 34 வருடம் வேலை பார்த்தவன். ஊர் முழுக்கக் கரண்ட் போன ராத்திரியிலும் போனை எடுத்தால் டயல் டோன் வருமே, அது எங்கள் பேட்டரி ரூம் போட்ட சோறு. வரிசையாக 24 செல், செல்லுக்கு இரண்டு வோல்ட், மொத்தம் 48. காலையில் போனதும் ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட் அடர்த்தியைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் டீயே குடிப்போம். அந்த பேட்டரிகள் பத்து வருடம், பன்னிரண்டு வருடம் என்று உழைத்தன. அப்படிப்பட்டவன், திருச்சியில் என் வீட்டுக்குக் கீழே நிற்கும் சொந்தக் காரில் நாலரை வருடத்துக்குள் மூன்று பேட்டரிகளைச் சாகடித்தேன்.

இப்போது நாலாவது ஓடுகிறது. 2024 ஆகஸ்டில் 4,300 ரூபாய் கொடுத்து வாங்கிய மெயின்டெய்னர் சார்ஜரை, அதாவது நிற்கிற வண்டியின் பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கிற சார்ஜரை, பற்றித்தான் இந்த விமர்சனம். ஒன்றரை வருடம் வைத்திருந்து, நடுவில் மூன்று மாதம் ஊரிலேயே இல்லாமலும் இருந்து பார்த்த பிறகு எழுதுகிறேன். பார்சலைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பிராண்டு பெயரைச் சொல்லப் போவதில்லை. சிடெக், நோகோ, பாஷ் என்று இந்த வகையில் பெரிய பெயர்கள் இருக்கின்றன. என்னுடையது அவற்றில் ஒன்று அல்ல. அந்த மாதிரியைப் பார்த்துச் செய்த விலை குறைந்த மாடல். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பெயர் அவ்வளவு முக்கியமில்லை, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் மூன்று சாவுக் கதைகளையும் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் 4,300 ரூபாய் எதற்கு என்று தோன்றும்.

2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்த 78,000 சொச்சம் பிஎஸ்என்எல் ஊழியர்களில் நானும் ஒருவன். வந்த பணத்தில் பிப்ரவரியில் ஒரு சின்ன பெட்ரோல் கார் எடுத்தேன். மார்ச் 25 ஊரடங்கு. புது வண்டியாச்சே என்று கவர் எல்லாம் போட்டு மூடி வைத்தேன். மே மாதம் நடுவில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. இ-பாஸ் வாங்கிக்கொண்டு இறங்கிச் சாவியைத் திருப்பினால், டிக். அவ்வளவுதான். டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட முழுசாக எரியவில்லை.

நிற்கிற வண்டி சும்மா நிற்பதில்லை. கடிகாரம், சென்ட்ரல் லாக்கின் ரிமோட் ரிசீவர், அலாரம், எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவு, எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சாதாரணம் என்பார்கள். என் வண்டியில் பிறகு அளந்து பார்த்தபோது 30 இருந்தது. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-அவர். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். ஐம்பது நாளைக்கு 36. என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35. இந்தக் கணக்கை மார்ச் மாதமே போட்டிருக்க வேண்டியவன் நான்.

அந்த பேட்டரியை சார்ஜ் ஏற்றி ஓட்டினேன். ஆனால் லெட் ஆசிட் பேட்டரி ஒரு தடவை அடிவரை காலியாகி அப்படியே கிடந்துவிட்டால் பழைய ஆள் ஆகாது. தகடுகளின் மேல் லெட் சல்பேட் படிந்து கெட்டிப்படும். கெட்டிப்பட்ட பகுதி திரும்ப மின்சாரம் வாங்காது. எக்ஸ்சேஞ்சில் இதை நாங்கள் "சல்பேட் அடிச்சிடுச்சு" என்போம், வயலில் நோய் விழுந்த மாதிரி. 2021 நடுவில் அது போய்ச் சேர்ந்தது.

இரண்டாவதைக் கொன்றது மருமகனின் அன்பு. வண்டி நிற்கும்போதும் படம் எடுக்கிற டாஷ்கேம் ஒன்றைக் கொண்டுவந்து, ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து நேரடியாக வயர் இழுத்து மாட்டிவிட்டுப் போனார். அப்போது நான் வாரம் ஒரு தடவைதான் வண்டியை எடுப்பேன். இரண்டு தடவை செல்ஃப் எடுக்கவில்லை. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்து மல்டிமீட்டரை எடுத்தேன். நெகட்டிவ் வயரைக் கழற்றி, டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு, வண்டியைப் பூட்டிவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பு முக்கியம். பூட்டியதும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் உடனே தூங்காது, முதலில் காட்டுகிற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எல்லாம் அடங்கிய பிறகும் மீட்டர் 210 மில்லி ஆம்பியர் காட்டியது. நாளுக்கு ஐந்து ஆம்பியர்-அவர், ஏழு நாளில் பேட்டரி காலி. டாஷ்கேமின் ஃப்யூஸைப் பிடுங்கினேன், 30க்கு இறங்கியது. ஆனால் அதற்குள் பேட்டரிக்கு மூன்று முறை அடி விழுந்திருந்தது. 2023 தொடக்கத்தில் அதையும் மாற்றினேன்.

மூன்றாவது கதையில் யாரையும் குறை சொல்ல முடியாது, அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2023 ஏப்ரலில் மகள் பிரசவத்துக்காக மூன்று மாதம் மெல்போர்ன் போனோம். முதல் மாடி சார், அவரும் ஓய்வுபெற்றவர், "நீங்க கவலைப்படாதீங்க சார், வாரா வாரம் ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சிடறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். சொன்னபடி செய்தார். காலண்டரில் ஒவ்வொரு ஞாயிறும் டிக் அடித்து வைத்திருந்தார், வந்ததும் காட்டினார். எட்டாவது டிக்குக்கு அப்புறம் கேள்விக்குறி. ஒன்பதாவது வாரம் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

ஏன் என்று பாருங்கள். வாரத்துக்கு வண்டி தின்பது ஐந்து ஆம்பியர்-அவர். செல்ஃப் அடிப்பது பெரிய செலவில்லை, 150, 200 ஆம்பியர் இழுத்தாலும் ஓரிரு விநாடிதான். ஆனால் வண்டியை நிறுத்திவைத்தபடி பத்து நிமிடம் ஓடவிட்டால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கிற பாகம்) பேட்டரிக்குத் திருப்பித் தருவது, தாராளமாகக் கணக்குப் போட்டாலும், இரண்டு அல்லது மூன்று ஆம்பியர்-அவர். நம்மாள் அக்கறையில் ஏசியையும் போட்டு "கூலிங் நல்லா இருக்கா" என்று பார்த்திருக்கிறார். வாரா வாரம் கடன் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. போதாததற்கு திருச்சியின் ஏப்ரல், மே வெயில். பேட்டரி தானாக இழக்கிற சார்ஜ், பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

பத்து நிமிட ஸ்டார்ட் என்பது நம் ஊரில் எல்லாரும் சொல்கிற வைத்தியம். அரை மணி நேரம் நிஜமாக ரோட்டில் ஓட்டினால் பிரயோஜனம் உண்டு. நின்ற இடத்திலேயே உறுமவிட்டால் பெட்ரோல்தான் வீண். எஞ்சினும் சைலன்ஸரும் முழுசாகச் சூடாகாமல் உள்ளே ஈரம் வேறு தங்கும். முதல் மாடி சாரிடம் இதைச் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

இந்த மூன்று சாவுக்கும் நடுவே நான் வாங்கிக் குவித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரடங்குக்குப் பிறகு 3,900 ரூபாய்க்கு லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று. கைக்கு அடக்கமான பெட்டி, இரண்டு கிளிப். செத்த பேட்டரியோடு வண்டியை எழுப்பிவிடும், அதில் குறையே இல்லை. ஆனால் அது ஆம்புலன்ஸ், வருமுன் காக்கிற வேலை அதனுடையது அல்ல. அதையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஞாபகமாகச் சார்ஜ் போட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டிய நேரத்தில் அதுவும் படுத்துக்கொள்ளும். வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி மூன்று மாதம் ஊருக்குப் போகக் கூடாது.

அப்புறம் டாஷ்போர்டில் வைக்கிற சின்ன சோலார் பேனல், 1,150 ரூபாய். இதை வாங்கியது என் புத்திசாலித்தனத்துக்கு இழுக்கு. என் வண்டி நிற்பது கட்டடத்துக்குக் கீழே, நிழலில். ஜன்னல் பக்கம் நிறுத்தினால் கொஞ்சமாவது வெளிச்சம் வரும் என்று நினைத்தேன். மீட்டரில் பார்த்தால் மூன்று, நாலு மில்லி ஆம்பியர். வண்டி தின்பது 30. திறந்தவெளியில் நிறுத்துகிறவர்களுக்கு வேண்டுமானால் பேனல் உதவும். ஆனால் ஒன்று: பல வண்டிகளில் சாவியை அணைத்ததும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு இணைப்பு அறுந்துவிடும். பேனலை அதில் செருகிவைத்தால் வெயில் எவ்வளவு அடித்தாலும் பேட்டரிக்கு ஒரு சொட்டு போகாது. நேராக பேட்டரிக்கு வயர் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, நெகட்டிவ் டெர்மினலில் மாட்டுகிற கட்-ஆஃப் குமிழ். பித்தளையில் ஒரு கிளாம்ப், அதன் மேல் பச்சைக் குமிழ். நாலு சுற்று சுற்றினால் இணைப்பு துண்டிக்கும், திருப்பிச் சுற்றினால் சேரும். 280 ரூபாய். இதைப் பற்றிக் கடைசியில் மறுபடி வருகிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு இதுவே போதும்.

இனி சார்ஜர்.

எக்ஸ்சேஞ்சில் எங்கள் பேட்டரிகள் ஏன் நீண்ட நாள் வாழ்ந்தன தெரியுமா? அவற்றை யாரும் காலியாக விட்டதில்லை, அளவுக்கு மீறி ஏற்றியதும் இல்லை. எப்போதும் ஃப்ளோட்டில் இருக்கும். செல்லுக்கு 2.15 முதல் 2.25 வோல்ட் வரை ஒரு மெல்லிய அழுத்தம். பேட்டரி எவ்வளவு கசிகிறதோ அவ்வளவை மட்டும் உள்ளே தள்ளும். கார் பேட்டரியில் ஆறு செல். 2.25ஐ ஆறால் பெருக்கினால் 13.5. இந்த மாதிரி சார்ஜர்கள் கடைசி நிலையில் 13.5, 13.6 வோல்ட்டில் பிடித்துக்கொண்டு நிற்பது இதே கணக்கில்தான். என்னுடைய பெட்டியில் 13.6 என்று போட்டிருந்தது. மாட்டிவிட்டு மறுநாள் மீட்டரை வைத்தேன், 13.62. ரிஜிஸ்டர் இருந்தால் எழுதியிருப்பேன்.

பழைய மாதிரி மெக்கானிக் ஷாப் சார்ஜருக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். அது ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ரெக்டிஃபையர், ஒரு ஆம்பியர் முள். பேட்டரி நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும், 15 வோல்ட்டைத் தாண்டும், தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டு ஹைட்ரஜன் கிளம்பும். கடைக்காரத் தம்பி பக்கத்திலேயே இருப்பதால் பார்த்து அணைத்துவிடுவார். மூன்று மாதம் யாரும் இல்லாத இடத்தில் அதை மாட்டிவிட்டுப் போவது அடுப்பில் பாலை வைத்துவிட்டு மெல்போர்ன் போவது மாதிரி. ஆன்லைனில் 700, 800 ரூபாய்க்கு "ஆட்டோமேட்டிக்" என்று வருபவற்றிலும் ஜாக்கிரதை. ஃப்ளோட் வோல்டேஜ் எவ்வளவு என்று எழுதாத எதையும் நான் தொட மாட்டேன்.

என்னுடையது நாலு ஆம்பியர். பேட்டரி பாதி காலியாக இருந்தால் ஐந்தாறு மணி நேரத்தில் 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, தானே ஃப்ளோட்டுக்கு இறங்கி பச்சை விளக்கைக் காட்டும். முக்கால் ஆம்பியரில் ஓடுகிற இன்னொரு நிலையும் உண்டு, ஸ்கூட்டருக்கு. என் மனைவியின் ஸ்கூட்டரையும் இதே சார்ஜர்தான் பார்த்துக்கொள்கிறது. "உங்க காருக்கு மட்டும்தான் டாக்டரா?" என்று ஒரு நாள் கேட்டாள், அதிலிருந்து.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் பெட்டியில் கூடவே வந்த ரிங் டெர்மினல் வயர். ஒரு முனையில் இரண்டு வளையங்கள். அவற்றை பேட்டரி போல்ட்டிலேயே நிரந்தரமாக முடுக்கிவிடலாம். நடுவில் ஃப்யூஸ். மறுமுனையில் ரப்பர் மூடி போட்ட சாக்கெட், அதை கிரில் வழியாக வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டேன். பானெட்டைத் திறக்கவே வேண்டாம். வண்டியை நிறுத்தினேனா, சாக்கெட்டைச் செருகினேனா, ஸ்விட்சைப் போட்டேனா, முடிந்தது. முதலைக் கிளிப்போடு தினமும் போராட வேண்டியிருந்தால் நான் ஒரே மாதத்தில் விட்டிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

இரண்டாவது நல்ல விஷயம், பெட்டியில் எழுதாதது. நம் ஊரில் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் தாண்டி வரை கரண்ட் இருக்காது. அதைத் தவிர சின்னச் சின்ன கட். சில சார்ஜர்கள் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் ஸ்டாண்ட்-பையில் உட்கார்ந்துகொண்டு, யாராவது வந்து பட்டனை அமுக்கினால்தான் மறுபடி வேலை செய்யும். அப்படி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு வெளிநாடு போனால், முதல் கட்டோடு கதை முடிந்தது. என்னுடையது கடைசியாக இருந்த நிலையை ஞாபகம் வைத்துக்கொண்டு தானாகத் தொடர்கிறது. வாங்கிய வாரமே மெயினை இருபது தடவை போட்டு அணைத்துப் பார்த்தேன். நீங்கள் எந்த பிராண்டு வாங்கினாலும் இதைச் சோதித்துப் பாருங்கள், திருப்பி அனுப்புகிற காலக்கெடு முடிவதற்குள்.

குறைகள். முதலாவது பிளக். உருண்டையான இரண்டு முள் ஐரோப்பிய பிளக். நம் ஐந்து ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் உள்ளே போகும், ஆனால் ஆடும். ஆடுகிற பிளக் சூடாகும், பொறி பறக்கும். நான் அதை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர் பிளக் போட்டுக்கொண்டேன். வாரண்டி போய்விட்டது என்று நினைக்கிறேன். இரண்டாவது, மெயின் வயர் ஒன்றரை மீட்டர்தான். காரைப் பார்க்காமலே கார் சார்ஜர் வடிவமைத்திருக்கிறார்கள் போல.

மூன்றாவதுதான் நிஜமான குறை. வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜைக் குறைத்துக்கொள்கிற சென்சார் இதில் இல்லை. 25 டிகிரிக்கு மேல் போகப் போக ஃப்ளோட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டும், டிகிரிக்குச் செல் ஒன்றுக்கு மூன்று மில்லிவோல்ட் போல. திருச்சியில் மே மாதம் என் பார்க்கிங்கில் 38, 40 வரும். அந்தக் கணக்கில் 13.6க்குப் பதில் 13.3, 13.4 போதும். கூடுதலாகத் தள்ளுகிற அந்தக் கொஞ்சம், மாதக்கணக்கில் தண்ணீரைக் குறைக்கும். அதனால் கோடையில் மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் விடுகிறேன். ஊரில் இல்லாதபோது என்ன செய்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன். கூடுதலாகக் காசு கொடுத்தால் சென்சார் வைத்த மாடல் கிடைக்கும். இன்று வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன்.

அப்புறம் ஒரு ஏமாற்றம். செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் "ரீகண்டிஷன்" என்று ஒரு பட்டன் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்தப் பட்டனுக்காகத்தான் இந்த சார்ஜரையே வாங்கினேன், மூன்றாவது பேட்டரியைக் காப்பாற்றிவிடலாம் என்ற நப்பாசை. வண்டியிலிருந்து கழற்றி, மொட்டை மாடிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் காற்றோட்டமாக வைத்து இரண்டு தடவை ஓட்டினேன். ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு 12.3 வோல்ட் காட்டியது. சந்தோஷமாக வண்டியில் மாட்டிச் செல்ஃப் அடித்தால், மீட்டர் எட்டுக்கு விழுந்தது. பேட்டரி கடைத் தம்பி பார்த்துவிட்டு, "சார், நீங்க எக்ஸ்சேஞ்ச்ல இருந்தவர். உங்களுக்கே நான் சொல்லணுமா?" என்றார். பழசைக் கொடுத்துவிட்டு 4,200 ரூபாய்க்கு நாலாவதை வாங்கி வந்தேன். பேட்டரி விலையும் சார்ஜர் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை அந்தக் கடை வாசலில்தான் கவனித்தேன்.

விலையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செலவை மறைக்கக் கூடாது. சார்ஜருக்கு பிளக் பாயின்ட் வேண்டுமே! எங்கள் பார்க்கிங்கில் இருந்த ஒரே பாயின்ட் மோட்டார் ரூமில், அதுவும் பொது மீட்டரில். அசோசியேஷன் செகரட்டரியிடம் கேட்டேன். "சார், இன்னிக்கு நீங்க பேட்டரி சார்ஜ் போடுவீங்க, நாளைக்கு எலெக்ட்ரிக் காரே கொண்டாந்து மாட்டுவாங்க." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஃப்ளோட்டில் இது இழுப்பது நாலு வாட், மூன்று மாதம் முழுக்க மாட்டியிருந்தாலும் ஒன்பது யூனிட்கூட ஆகாது, யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் தொண்ணூறு ரூபாய் என்று தாளில் எழுதிக் காட்டினேன். கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். கூட்டம் மூன்று மாதம் கழித்து என்றார்.

நல்ல வேளை, நம் ஊர் ஃபிளாட்டுகளில் எல்லா வீட்டு மீட்டர்களும் கீழே பார்க்கிங்கிலேயே ஒரு பலகையில் இருக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு என் மீட்டருக்கு அடுத்து தனியாக ஒரு சின்ன எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணைகிற ஸ்விட்ச்) வைத்து, என் தூண் வரை பைப்பில் வயர் இழுத்து, பூட்டு போட்ட பெட்டிக்குள் ஒரு பாயின்ட் வைத்தேன். 2,100 ரூபாய். ஆக, 4,300 ரூபாய் சார்ஜரின் நிஜ விலை 6,400. வாங்குவதற்கு முன்னால் முதலில் உங்கள் தூணைப் பாருங்கள், பிளக் இருக்கிறதா என்று.

2025 மே முதல் ஜூலை கடைசி வரை மறுபடி மெல்போர்ன். போவதற்கு முன்னால் தண்ணீரை மேல் கோடு வரை நிரப்பி, டெர்மினல்களைத் துடைத்து வாஸ்லின் தடவி, டயரில் காற்றைக் கொஞ்சம் கூட அடித்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துக் கல் வைத்து, முதல் கியரில் போட்டு நிறுத்தினேன். சூட்டுக்குத்தான் ஒரு வழி வேண்டியிருந்தது. சார்ஜரை 24 மணி நேரமும் விடாமல், 350 ரூபாய்க்கு ஒரு டைமர் வாங்கி, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை மட்டும் கரண்ட் போகிற மாதிரி வைத்தேன். வெயில் நேரத்தில் ஃப்ளோட் இல்லை. 16 மணி நேரத்தில் வண்டி தின்பது அரை ஆம்பியர்-அவர்தான், ராத்திரி அதை நிரப்பிவிடும். எக்ஸ்சேஞ்சில் இப்படிச் செய்தால் மெமோ கிடைத்திருக்கும், காருக்குப் போதும்.

முதல் மாடி சாரிடம் சாவி கொடுக்கவில்லை. வாரம் ஒரு ராத்திரி பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். காலண்டரில் டிக் அடித்தார்.

திரும்பி வந்த அன்று ராத்திரி வண்டியைத் தொடவில்லை. காலையில் சார்ஜரைக் கழற்றி, இரண்டு மணி நேரம் விட்டு மீட்டர் வைத்தேன். 12.74. நிறைந்த பேட்டரி 12.6, 12.7 காட்டினாலே போதும். தண்ணீர் மேல் கோட்டுக்கு அரை விரல் கீழே. செல்ஃப் ஒரே அடி. எலி மட்டும் பின் சீட்டுக்கு அடியில் தேங்காய் நார் சேர்த்து வைத்திருந்தது, அதற்கு இந்த சார்ஜரில் நிலை எதுவும் இல்லை.

மாட்டுகிற வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கிளிப் வைத்து மாட்டுவதானால் முதலில் சிவப்பை பாசிட்டிவில், அப்புறம் கறுப்பை பேட்டரியை விட்டுத் தள்ளி எஞ்சினின் ஏதாவது ஒரு வெற்று போல்ட்டில், கடைசியில்தான் மெயின் ஸ்விட்ச். கழற்றும்போது முதலில் ஸ்விட்ச். பேட்டரி பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். சிக்னலில் தானே அணைந்து தானே எழும்புகிற ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அதில் நெகட்டிவ் வயரை டெர்மினலில் கொடுக்காமல் பாடியில்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு ஏறியது என்று வண்டிக்கே தெரியாது. அந்த வண்டிகளின் பேட்டரி வகையும் வேறு. சார்ஜரில் அதற்கான நிலை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

யார் வாங்கலாம்? மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துகிறவர், தூணில் பிளக் இருக்கிறவர். இரண்டு நாளைக்கு ஒரு தடவை பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எதுவுமே வேண்டாம், ஆல்டர்னேட்டரே போதும். என் மார்க் பத்துக்கு எட்டு. ஒன்று பிளக்குக்காக, ஒன்று சென்சாருக்காகக் குறைத்தேன்.

பிளக் இல்லாதவர்களுக்குத்தான் அந்த 280 ரூபாய் குமிழ். வண்டி தின்பதை நிறுத்திவிட்டால் மிச்சம் பேட்டரி தானாக இழப்பது மட்டும்தான். நிறைந்த பேட்டரியாக இருந்தால் இரண்டு, மூன்று மாதம் தாங்கும். என் மச்சினர் தஞ்சாவூரில் தெருவோரம் நிறுத்துகிறவர், போன டிசம்பரில் காசி, கயா என்று ஒன்றரை மாத யாத்திரை கிளம்பினார். அவருக்கு இதைத்தான் மாட்டிக் கொடுத்தேன். சின்ன வண்டிகளில் பேட்டரி முனை ஒல்லி, கடையில் கிடைக்கிற குமிழ் பெரும்பாலும் தடித்த முனைக்கு. எவ்வளவு முடுக்கினாலும் சுற்றும். கடையில் கேட்டால் நடுவில் போடுகிற ஈயக் குழல் ஒன்று தருவார்கள், அதைப் போட்டால் கச்சிதமாகப் பிடிக்கும். இணைப்பைத் துண்டித்தால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகும், பவர் விண்டோவின் ஒரே-அமுக்கு வேலை செய்யாது. ஸ்விட்சை மேலே இழுத்துச் சில விநாடி பிடித்தால் பல வண்டிகளில் திரும்பி வந்துவிடும். முதல் நாள் எஞ்சின் கொஞ்சம் தடுமாறும்.

இதையெல்லாம் மச்சினர் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். குமிழைத் திருகி, பானெட்டை மூடிவிட்டு, ரிமோட்டை எடுத்து அமுக்கினார். மறுபடி அமுக்கினார். வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அமுக்கினார். "அத்தான், ரிமோட் பேட்டரியும் போயிடுச்சு போல!"

டிரைவர் கதவில் சாவித் துவாரம் என்று ஒன்று இருப்பதையே ஆறு வருடத்தில் அவர் அன்றுதான் பார்த்தார்.